விளங்காமற்போன இடங்களின் கொப்பி: யாழ்ப்பாண விடுதி ஒன்றில் ஆங்கில உச்சரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் பெண்ணுக்கு அப்போது 26 வயது. நல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய தங்கு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்து, அதன்பின் ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமாவும் முடித்தவர். அவர் எழுதும் ஆங்கிலத்தில் பிழையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். விடுதிக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு அவர்தான் பதில் எழுதுவார். முதலாளி அவற்றைத் திருத்துவதும் இல்லை. ஆளை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உச்சரிப்புச் சம்பந்தமான எதையும் மாற்றவில்லை.

2024 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை அவர் என்னிடம் வந்தார். நான் வீட்டில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கிறவன். வந்தவர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்.

"நான் சொல்லுறது சரிதான், சேர். ஆனா அவையள் 'சொறி?' எண்டு கேக்கினம். திருப்பிச் சொன்னாலும் கேக்கினம். மூண்டாந்தரம் சொல்ல வெக்கமா இருக்கு. பிறகு சிரிச்சுக்கொண்டு எழுதிக் குடுத்திடுவன்."

நேரில் என்றால் எழுதிக் கொடுக்கலாம். போனில் என்ன செய்வது? ஆவணியில் நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழா. ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எங்கெங்கோ இருந்து சனம் வரும். கூடவே தமிழ் பேசாத மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள், வேற்றுநாட்டுப் பயணிகளும் வருவார்கள். திருவிழா தொடங்குவதற்குள் போனில் தடங்கலில்லாமல் கதைக்கப் பழகாவிட்டால் உள்ளே கணக்குப் பகுதிக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சம்பளம் குறையாது. ஆனால் ஆங்கிலம் படித்ததே ஆட்களோடு கதைப்பதற்குத்தானே என்று அந்தப் பிள்ளை கேட்டபோது எனக்கும் மனம் கேட்கவில்லை.

ஆங்கிலம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அமெரிக்க மிஷன் இங்கே வந்தது 1816இல்; வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது 1823இல். 200 வருடமாகப் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். ஆனால் இந்தப் பிள்ளை எழுதிய சாதாரண தர (ஓ/எல்) ஆங்கிலப் பரீட்சையில் இரண்டும் எழுத்து வினாத்தாள்கள்தான். வாய் திறந்து கதைத்ததற்கு அவருக்கு யாரும் ஒரு புள்ளியும் போட்டதில்லை.

முதல் ஐந்து கிழமை

இந்தப் பகுதியை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மற்ற ஆசிரியர்களுக்கு அதிகம் பயன்படப் போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஆயத்தமாக ஒரு பாடத்திட்டம் இருந்தது. யார் வந்தாலும் அதைத்தான் நடத்துவேன். முதல் இரண்டு கிழமையும் 'தாங்க் யூ', 'த்ரீ', 'திஸ்' ஆகியவற்றின் முதல் ஒலி. நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் நீட்டி, கண்ணாடியைப் பார்த்துக் காற்றை விடும் பயிற்சி. அடுத்த இரண்டு கிழமை 'ஃப'வும் 'ப'வும்: ஃபான்–பான், ஃபுல்–புல், ஃபோர்ட்–போர்ட் என்று நீண்ட சோடிப் பட்டியல். ஐந்தாம் கிழமை பிரித்தானிய வானொலிச் செய்தியைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது.

வகுப்பில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கண்ணாடி முன்னால் அந்தப் பிள்ளை அழகாகச் சொன்னார். மேசைக்குப் போனதும் வேறு கதை. 'ப' வரவேண்டிய இடமெல்லாம் 'ஃப' வரத் தொடங்கியது. 'பிளீஸ்' 'ஃபிளீஸ்' ஆனது. பருத்தித்துறையை ஆங்கிலத்தில் சொல்லப்போய் 'ஃபோயின்ட் ஃபெட்ரோ' என்றார். முன்பு சரியாக இருந்த சொற்களையும் என் பயிற்சி கெடுத்துவிட்டது. கூட வேலைசெய்த பெடியன்கள் "லண்டன்காரி வந்திட்டா" என்று பகிடி பண்ணினார்கள். நம் ஊரில் ஆங்கிலம் பிழையாகக் கதைத்தாலும் பகிடி, திருத்தமாகக் கதைக்க முயன்றாலும் பகிடி. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று பல்கலைக்கழகப் பிள்ளைகள் சொல்வதுண்டு. அந்த வாள் இங்கேயும் இருக்கிறது, இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

ஐந்தாம் கிழமை முடிவில் முதலாளியே எனக்குப் போன் எடுத்தார். "முந்திப் பிழையெண்டாலும் கதைச்சுக்கொண்டிருந்தவ, சேர். இப்ப வாயே திறக்கிறேல்லை" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பாடத்தை நிறுத்தினேன்.

கொப்பி

ஆற அமர யோசித்தபோது ஒன்று தெளிவானது. அந்தப் பிள்ளையின் ஆங்கிலம் எங்கே விளங்காமல் போகிறது என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. நான் திருத்தியது புத்தகத்தில் உள்ள பிழைகளை.

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நான்கு நிரல்: நான் சொன்னது, அவர் விளங்கிக்கொண்டது அல்லது செய்தது, நேரிலா போனிலா, அவர் எந்த நாடு. ஒரேயொரு நிபந்தனை. 'என் உச்சரிப்பு நல்லாயில்லை' என்று தனக்குத் தோன்றும் இடங்களை எழுதக்கூடாது. கேட்டவருக்கு உண்மையிலேயே விளங்காமல் போன இடத்தை மட்டும் எழுதவேண்டும். இரண்டு கிழமைக்கு வகுப்பே இல்லை, எழுதுவது மட்டும்தான். முதலாளியின் அனுமதியோடு நானும் இரண்டு பின்னேரம் முன் மண்டபத்தில் பேப்பர் வாசிப்பவர்போல் இருந்து கவனித்தேன்.

கொப்பியில் 31 பதிவுகள் சேர்ந்தன. சிலவற்றைச் சொல்கிறேன்.

போனில் ஒருவர் அறை வாடகை கேட்டார். ஓர் இரவுக்கு 15,000 ரூபா என்று இவர் சொன்னார். அவருக்குக் கேட்டது 50,000. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எண்ணைப் பார்த்துத் திருப்பி எடுத்தபோது வேறு இடத்தில் பதிவு செய்துவிட்டிருந்தார்.

சூரியன் மறைவதை எங்கே பார்க்கலாம் என்று ஒரு ஜேர்மன்காரர் கேட்டார். இவர் சொன்னது கோட்டையை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை விடுதியிலிருந்து பத்து நிமிட ஓட்டம், கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது. அவருக்கு 'போர்ட்' என்று கேட்டிருக்கிறது. ஓட்டோக்காரரிடம் அதையே சொல்ல, அவர் 18 கிலோமீற்றர் அளவில் வடக்கே இருக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே போய்ச் சேர இருட்டிவிட்டது.

அறை கேட்டு வந்த தம்பதியிடம் ஏசி அறையா ஃபான் (மின்விசிறி) அறையா என்று கேட்டதற்கு, தாங்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது. அவர்களுக்குக் கேட்டது சட்டி. காலையில் ஒருவரிடம் கோப்பி வேண்டுமா என்று கேட்க, அவர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்; பிரதி எடுக்கக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். விடியப் புறப்படுகிற ஒருவரிடம் காலைச் சாப்பாட்டைக் கட்டித் தருகிறோம் என்று 'பாக்' (pack) என்ற சொல்லைப் பாவித்தார். அந்த மனிதர் விடுதியின் பின்பக்கம் போய் நின்றார்.

கொப்பியில் கண்டவை

31இல் 11 எண்கள்: 13–30, 14–40, 15–50. எட்டு 'ஃப'. ஆறு, சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பதில் வந்தவை. நான்கு, சொல்லின் முதலில் வரும் 'ப', 'ட', 'க' ஒலிகளில் மூச்சுப் போதாததால் வந்தவை. மிச்சம் இரண்டு உயிரொலிச் சிக்கல்.

நான் இரண்டு கிழமை கண்ணாடி முன்னால் நாக்கை நீட்ட வைத்த 'தாங்க் யூ' ஒலிக்கு எத்தனை? ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று பிறகு விளங்கியது. அந்த இடத்தில் நாங்கள் நம் தமிழ்த் தகரத்தைச் சொல்கிறோம். அது பல்லில் பிறக்கும் ஒலி. ஆங்கில 'ட' அதற்கு மேலே, முரசில், அதாவது பல் ஈறில், பிறப்பது. இரண்டும் நம் வாயில் ஒருநாளும் கலப்பதில்லை. 'மூன்று' என்பதற்கான சொல்லும் 'மரம்' என்பதற்கான சொல்லும் கேட்பவர் காதில் தனித்தனியாகவே விழுகின்றன. ஆங்கிலேயர் காதுக்கு அது கொஞ்சம் வேறாக ஒலிக்கும், ஆனால் விளங்கும். விமானிகளின் வானொலிப் பேச்சுக்கு உலகம் முழுவதும் ஒரே விதி. அதில் 'த்ரீ' என்பதை 'ட்ரீ' என்றே சொல்லும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பலாலியில் இறங்கும் விமானியும் அப்படித்தான் சொல்லவேண்டும். உயிர் போகிற இடத்திலேயே அந்த ஒலியை விட்டுவிட்டார்கள் என்றால், விடுதி மேசையில் நான் ஏன் அதைப் பிடித்துத் தொங்கினேன்?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் கதைக்கும்போது எந்த ஒலிகள் பிசகினால் விளக்கம் கெடுகிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் முன்வைத்தார். இந்த ஒலி அதிலும் இல்லை. சொல்லின் முதலில் வரும் மூச்சு அதில் இருக்கிறது. நெடில் குறில் வேறுபாடும் இருக்கிறது. சொல்லின் அழுத்தத்தை மட்டும் அவர் அதில் சேர்க்கவில்லை. எங்கள் கொப்பி அந்த ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகவில்லை. கொப்பியில் நான்காம் நிரல் இன்னொன்றும் காட்டியது. விளங்காமல் போனவர்களில் பாதிக்கு மேல் ஜேர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் மற்ற நாட்டவரும்தான். ஆங்கிலேயர் மாதிரிக் கதைக்கப் பழகுவதால் அவர்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

எடுத்த முடிவுகள்

திருவிழாக் கூட்டம் வருவதற்கு முன் எஞ்சியிருந்தது பத்துக் கிழமைக்குள். பட்டியலின் மேலிருந்து தொடங்குவது என்று முடிவெடுத்தோம். இரண்டாவது முடிவு, ஒவ்வொரு ஒலிக்கும் யாழ்ப்பாணத்து வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவது. வானொலிப் பாடத்தைக் கைவிட்டேன்.

எண்களில் உச்சரிப்புக்கு முதல் ஒரு பழக்கத்தை மாற்றினோம். எந்த எண்ணையும் ஒருமுறை முழுதாக, ஒருமுறை இலக்கம் இலக்கமாக: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்'. நேரத்தைச் சொல்வதென்றால் 'குவாட்டர் பாஸ்ட் சிக்ஸ்'. வாடகை என்றால் நேரில் துண்டில் எழுதி, போனில் குறுஞ்செய்தி அனுப்பி. இது உச்சரிப்புப் பாடமே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும். முதலாளிக்கு வாடிக்கையாளர் போகக்கூடாது, இந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை திரும்ப வரவேண்டும். இரண்டும் ஒரே கிழமையில் நடந்தன.

பிறகுதான் ஒலி. 15க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் தாங்குவது அழுத்தம்: 'ஃபிஃப்-டீன்' என்பதில் பின்னசை கனக்கும், 'ஃபிஃப்-டி' என்பதில் முன்னசை. இந்தப் பிள்ளை இரண்டிலும் முன்னசையைத்தான் அழுத்தினார். ஏன் என்று தேடியபோது கிடைத்த விடை எனக்கே புதிதாக இருந்தது. நாங்கள் ஆங்கில எண்களைச் சின்ன வயதில் வரிசையாக ஒப்புவித்துப் பழகியவர்கள். 'தர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டீன்' என்று வரிசையாக எண்ணும்போது ஆங்கிலேயரும் முன்னசையைத்தான் அழுத்துவார்கள், ஏனென்றால் அங்கே மாறுவது அதுதான். தனியே சொல்லும்போது அழுத்தம் பின்னுக்குப் போகும். பாலர் வகுப்பு ஒப்புவித்தல் 20 வருடம் கழித்து விடுதி வாடகையில் வந்து நின்றது.

அழுத்தம் என்ற எண்ணத்தை விளங்கப்படுத்தத்தான் அதிகம் யோசித்தேன். 'இந்த அசையைப் பலமாகச் சொல்லும்' என்றால் சத்தம் போட்டார், மற்ற அசைகள் அப்படியே முழுதாக நின்றன. ஆங்கிலத்தில் ஓர் அசை கனப்பதற்கு மற்றவை மெலியவேண்டும். நம் காதுக்கு மெலிந்த உயிர் புதிதா? இல்லை. 'காற்று', 'பத்து' என்பவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான். குற்றியலுகரம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். "'பத்து' எண்டு சொல்லும். கடைசி உகரத்தில வாய் குவியுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இல்லை சேர், சும்மா முட்டிப்போட்டு விடுது" என்றார். அதுதான். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அந்தச் சோம்பல் ஒலிக்குக் கிட்டத்தட்ட உறவு.

ஆகவே மாத்திரை போட்டோம். 'டிப்பொசிட்' அரை, இரண்டு, அரை. 'ஹோட்டெல்' அரை, இரண்டு. 'ரிசீட்' அரை, இரண்டு. 'ப்ரெக்ஃபஸ்ட்' இரண்டு, அரை. விடுதியில் தினமும் வரும் 40 சொற்களுக்கு இப்படி எழுதினோம். ஆங்கில அழுத்தம் நீளம் மட்டுமல்ல, சுருதியும் சத்தமும் சேர்ந்தது என்று மொழியியல் படித்தவர்கள் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் நீளத்தைப் பிடித்ததும் மற்ற இரண்டும் தாமாகவே ஏறியதை நான் காதால் கேட்டேன்.

'ஃப'வைக் கண்ணாடியும் சோடிப் பட்டியலும் கெடுத்திருந்தன. இம்முறை வகரத்திலிருந்து தொடங்கினேன். மேற்பல் கீழுதட்டில் பொருந்த வகரம் பிறக்கும் என்று நம் பழைய இலக்கணங்கள் சொல்லுகின்றன. 'ஃப' பிறப்பதும் அதே இடத்தில்தான். 'வ்வ்வ்' என்று இழுத்துக்கொண்டே தொண்டையில் கையை வைத்து, அதிர்வை நிறுத்தி, மூச்சை மட்டும் விடச் சொன்னேன். 'ஃப்ஃப்ஃப்' வந்துவிட்டது. முன்பு அவர் 'ப'வைத் திரித்து 'ஃப' செய்துகொண்டிருந்தார், அதனால்தான் எல்லா 'ப'வும் சேர்ந்து போனது. இப்போது இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஒரு கிழமைக்குள் 'ஃபிளீஸ்' மறைந்தது.

மூச்சுக்கு அவருடைய மேசையிலேயே கருவி இருந்தது: பற்றுச்சீட்டுத் துண்டு. உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பஸ்' என்று சொன்னால் அசையக்கூடாது, 'பாக்' என்று சொன்னால் அசையவேண்டும். தமிழில் எந்தச் சொல்லுக்கும் அந்தத் துண்டு பெரிதாக அசையாது. ஆகவே நாம் மூச்சில்லாமல் சொல்லும் 'பாக்' ஆங்கிலக் காதில் 'பின்பக்கம்' என்ற சொல்லாக விழுகிறது, 'டவுன்' (town) என்பது 'கீழே' என்று விழுகிறது. இதில் ஓர் ஆறுதல்: 'ஸ்பூன்', 'ஸ்டேஷன்' போல முன்னால் 'ஸ்' வந்துவிட்டால் ஆங்கிலேயருக்கும் மூச்சு வராது. அங்கே நம் ஒலியே போதும்.

'ட' பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பிள்ளை இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடங்கள் நிறையப் பார்த்தவர். அவற்றில் 'டீ', 'டிக்கெட்' என்று எழுதிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நாக்கை நன்றாகப் பின்னுக்கு வளைத்தார். நம் தாத்தாமார் எப்படி எழுதினார்கள்? ரீ, ரிக்கெற், ரீச்சர், மார்க்கெற். பிள்ளைகள் இன்று அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் 'வெற்றி', 'காற்று' என்னும்போது நாக்கு முரசில் படுகிறது. 'ட்ட' போல வளையவும் இல்லை, 'த்த' போலப் பல்லில் படவும் இல்லை. தமிழ்நாட்டில் பல இடங்களில் பேச்சில் அது 'த்த' ஆகிவிட்டது. நம் பேச்சு மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கில 'ட' பிறக்கும் இடம் அந்த றகரத்தின் இடம்தான். தாத்தாமார் எழுத்தைப் பார்த்து எழுதவில்லை, காதால் கேட்டு எழுதினார்கள். "அப்ப அப்பப்பா எழுதினதுதான் சரியா, சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு மறக்காது. அன்றைக்குப் பிறகு அவர் தன் வாயைக் குறைசொல்வதை நிறுத்தினார்.

போன்

நேரில் சரியாகச் சொன்னதே போனில் உடைந்தது. இது அவருடைய குறையில்லை. சாதாரணத் தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கொண்டுபோகும். 'ஃப', 'ஸ' போன்ற காற்றொலிகளை வேறாக்கிக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் கம்பி அதை வெட்டிவிடும்.

ஆகவே இங்கே வாயைத் திருத்தாமல் வசனத்தைத் திருத்தினோம். 'ஃபோர்ட்' என்று தனியே சொல்லக்கூடாது, 'ஓல்ட் டச் ஃபோர்ட்' என்று சொல்லவேண்டும். 'ஃபான் றூம்' என்று மட்டும் சொல்லாமல் 'நோ ஏசி' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். பெயர்களை எழுத்துக் கூட்டும்போது 'எஃப் ஃபோர் ஃபிரைடே' என்று ஒரு சொல்லோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

பயிற்சியையும் போனுக்கே மாற்றினேன். இரவு எட்டு மணிக்கு நான் என் வீட்டிலிருந்து, அவர் தன் வீட்டிலிருந்து. ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்த என் மருமகன் ஒருவன் வாரத்தில் இரண்டு தரம் விருந்தினர்போல எடுத்தான். அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: பாராட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், உனக்கு என்ன கேட்டதோ அதைத் திருப்பிச் சொல். அவன் முதல் நாளே அறை விலையைப் பிழையாகத் திருப்பிச் சொன்னான். அந்தப் பிள்ளை பதறவில்லை. 'ஒன் ஃபைவ்' என்று அமைதியாகச் சொன்னார்.

திருவிழாக் காலமும் அதன் பின்னும்

கொடியேறிய நாளிலிருந்து தேர், தீர்த்தம் முடியும்வரை போன் அவர் கையில்தான் இருந்தது. அந்த 25 நாளில் கொப்பியில் ஏறியவை ஒன்பது: எண் ஒன்று, 'ஃப' மூன்று, அழுத்தம் இரண்டு, உயிரொலி மூன்று. 'ஃப' மூன்றும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, களைத்த நேரத்தில். இந்தக் கணக்கை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவமுடியாது. ஓர் ஆள், ஒரு மேசை. மூன்று மாதம் போன் எடுத்ததாலேயே கொஞ்சம் திருந்தியிருக்கும். ஆனால் 'சொறி?' என்று யாரும் கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் பழக்கம் போய்விட்டது. இப்போது வேறு விதமாகத் திருப்பிச் சொல்கிறார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் சொல்லமாட்டேன். முதலாளி எதிர்பார்த்தது வேறு: பெரிய ஹோட்டல்களில் கேட்கும் அந்த 'ஸ்டைல்'. அதை நான் படிப்பிக்கப் போவதில்லை என்று சொன்னேன். கொப்பியின் முதற் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் காட்டினேன். தலையை ஆட்டினார். முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. கணக்குப் பகுதிக்கு மாற்றும் பேச்சை மட்டும் பிறகு எடுக்கவில்லை.

இன்னொன்று. கூட வேலைசெய்யும் பெடியன்களோடு கதைக்கும்போது அந்தப் பிள்ளை இப்போதும் 'பான்' என்றுதான் சொல்கிறார். ஒருநாள் கேட்டேன். "அவையளோட 'ஃபான்' எண்டா நான் வேற ஆளாப் போயிடுவன், சேர்" என்றார். நான் திருத்தவில்லை. எந்த இடத்தில் எப்படிக் கதைப்பது என்பது அவர் எடுக்கவேண்டிய முடிவு. அவருக்கு இரண்டு வாயும் தெரிகிறது, அது போதும்.

இனி எப்படிச் செய்வேன்

கொப்பியை முதல் நாளே கொடுப்பேன். அந்த ஐந்து கிழமையும், அந்தப் பிள்ளை வாய் மூடிய நாட்களும் எனக்கு இன்னும் உறுத்துகின்றன. கொப்பி இல்லாத தொழிலில் இருப்பவர் என்றால், அவருக்கு அந்நியரான ஒருவரோடு பத்து நிமிடம் போனில் கதைக்கவிட்டு, அந்நியருக்கு என்ன கேட்டது என்று எழுதச் சொல்வேன். ஆசிரியரின் காது இதற்கு உதவாது. நாங்கள் நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியவர்கள், எதுவும் விளங்கிவிடும்.

சோடிப் பட்டியலை முற்றாக விடமாட்டேன், ஆனால் இரண்டு ஒலியும் தனித்தனியே ஊன்றிய பின்புதான் அருகருகே வைப்பேன். கூட வேலைசெய்பவர்களையும் ஒருநாள் அழைத்து என்ன செய்கிறோம் என்று சொல்லியிருக்கவேண்டும். பகிடி பாதியாவது குறைந்திருக்கும்.

உயிரொலியில் வந்த அந்த மூன்று பதிவுகளுக்கு என்னிடம் இன்னும் வழியில்லை. மூன்றும் ஒரே சொல். கலியாணத்துக்கு வந்த விருந்தினர்களுக்கு மண்டபத்துக்கு வழி சொல்லும்போது 'ஹோல்' என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சடிக்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது ஓட்டை. வாய் ஆகாரத்துக்குத் திறந்து, ஓகாரத்துக்குக் கொஞ்சம் குவிந்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டிய ஒலி அது. 'ஃப'வுக்கு வகரம் கிடைத்தது, 'ட'வுக்கு றகரம் கிடைத்தது. இதற்கு நம் பேச்சில் ஏதாவது ஒரு சொல்லில், ஏதாவது ஒரு ஊரில், ஒரு பிடி இருக்கவேண்டும் என்று நம்புகிறேன். அந்தப் பிள்ளையும் நானும் ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது கொப்பியின் கடைசிப் பக்கங்களை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.